கேட்டுப் பழகிய குரல்

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது என் குடையைப் பற்றித்தான்.

வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுப் பிரிவில் நான் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். நேயர் விருப்பம் நிகழ்ச்சியை நடத்துகிற பாடகி, யாங்கோன் முழுக்கக் குரல் தெரிந்தவர், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என் நாற்காலியின் முதுகில் தொங்கிய குடையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது உன்னுதா?"

"ஆமாம்."

"எனக்குக் குடு."

கொடுத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பஸ் நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நனைந்துகொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணின் கையில் அதைத் திணித்துவிட்டு, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வருகிறார். குடை போனது போனதுதான். மறுநாள் என் மேஜையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை ஒன்று இருந்தது. அது எங்கள் மேலாளருடையது என்று பிறகு தெரிந்தது.

பர்மியர்களிடம் ஆனாடே என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்று மனம் கூசிப் பின்வாங்குவது. இந்த ஊரில் தமிழ் பேசுகிற நாங்களும் அதற்கு வேறு சொல் தேடாமல், "எனக்கு ஆனாவா இருக்கு" என்று பேச்சில் சேர்த்துக்கொண்டோம். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி எண்ணெய் வாங்கக்கூட ஆனா. டாக்ஸிக்காரரிடம் இன்னும் நாலு அடி தள்ளி நிறுத்தச் சொல்ல ஆனா. இந்த ஊரே அந்தக் கூச்சத்தில்தான் சண்டையில்லாமல் நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், அந்தக் கூச்சம் மருந்துக்கும் இல்லாமல் பிறந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். "அக்கா, உங்களுக்கு ஆனாவே வராதா?"

"ஆனாவெல்லாம் தனக்குக் கேக்கிறவங்களுக்கு, ஞீமா. அடுத்த வீட்டுக்குக் கேக்கிறதுல என்ன கூச்சம்?"

ஞீமா என்றால் பர்மியத்தில் தங்கை. தன்னைவிடச் சின்னவளாகத் தெரிகிற எல்லாப் பெண்களும் அவருக்கு ஞீமா. அவருடைய அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தமிழர், அம்மா பர்மியர். அதனால் அவருடைய தமிழ் பர்மிய ராகத்தில் இழுத்து இழுத்து வரும். பாடும்போது மட்டும் அந்த இழுப்பு எங்கேயோ போய்விடும். தமிழ்ப் பாட்டானாலும் பர்மியப் பாட்டானாலும் சொல் ஒவ்வொன்றும் கழுவி வைத்த மாதிரி விழும்.

அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நிகழ்ச்சியை நின்றுகொண்டே நடத்துவார். ஒலிவாங்கியை அவர் உயரத்துக்குத் தூக்கி வைப்பதுதான் என் முதல் வேலை. பாட்டு ஓடும் நேரத்தில் கூந்தலை அவிழ்த்து முடிவார், ஒரு போனில் பேசிக்கொண்டே இன்னொரு போனைத் தேடுவார், மொகிங்கா மீன்சாற்று நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் ஏந்தி நின்றபடி உறிஞ்சுவார். பாட்டு முடிய சில நொடிகளே இருக்கும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பதறிக் கை காட்டுவேன். சரியாகக் கடைசிச் சொட்டில் வந்து நிற்பார். மூச்சு வாங்குவது வானலையில் ஒருநாளும் கேட்டதில்லை.

சனி, ஞாயிறுகளில் கல்யாணங்களில் பாடப் போவார். ஒலி அமைப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஒருமுறை ஒரு அரிசி வியாபாரி வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்ட பழைய தமிழ்ப் பாட்டை எடுத்தார். பல்லவி முடிந்தது. சரணத்துக்கு இசை வந்தது, அவர் வாய் திறக்கவில்லை. வாத்தியக்காரர்கள் திகைத்து, வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள்.

"மீதிப் பாட்டு வேணுமா?" என்று ஒலிவாங்கியில் கேட்டார்.

வேணும் என்று கூட்டம் கத்தியது.

"பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளைக்கு இருதயத்துல ஓட்டை. அவ அம்மா வராந்தாவுல படுத்துக் கிடக்கா. நீங்க மனசு வைங்க, நான் சரணம் பாடுறேன்."

மேடையிலிருந்து இறங்கி, வெற்றிலைத் தட்டைக் கவிழ்த்து வெற்றிலையை மணப்பெண்ணின் மடியில் கொட்டிவிட்டு, காலித் தட்டோடு மேஜை மேஜையாகப் போனார். அரிசி வியாபாரியின் முகம் கறுத்துவிட்டது. கல்யாணம் அவர் வீட்டுக் கல்யாணம். கௌரவம் இன்னொருவர் தட்டில் போய் விழுகிறது. ஆனாலும் நாலு பேர் பார்க்கும்போது அவரும் போடத்தான் செய்தார். அதன் பிறகு வந்த சரணத்தை நான் இன்றுவரை அதுபோல் கேட்டதில்லை. திரும்பும் வழியில், "இனிமே அந்த வீட்ல கூப்பிட மாட்டாங்க அக்கா" என்றேன். "ஊர்ல அந்த ஒரு வீடுதான் இருக்கா?" என்றார்.

அந்தப் பிள்ளை பிழைத்தாள். அவளைப் பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. நான் போகலாமா என்றபோது, "நன்றி சொல்லி அழுவாங்க, நேரம் போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. நல்லது செய்கிறவர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டாமா? அவரால் முடியாது. கேட்டு வாங்கிக் கொடுத்த மறு நிமிடமே அந்த இடம் அவருக்குச் சுடும்.

மாவ்பியிலிருந்து ஒரு முதியவர் தினமும் போன் செய்து ஒரே பாட்டைக் கேட்பார். பழைய பர்மியத் தாலாட்டு. எங்களுக்கெல்லாம் அது கேலியாகிவிட்டது. அக்காவுக்கு மட்டும் அது யாருக்கென்று அரிப்பு. ஒருநாள் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவரிடம் கேட்டார்: "ஐயா, இந்தப் பாட்டு யாருக்கு?" முதியவர் "அவளுக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பஸ் பிடித்து இருவரும் மாவ்பி போனோம். சந்தையில் கீரை விற்பவர்களிடம் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தார். மூங்கில் தட்டி வீடு. முதியவரின் மனைவி காலில் புண் புரையோடிப் படுத்திருந்தார். அறையில் நிற்க முடியாத வாடை. வலி தாங்காமல் முனகுகிறவர் அந்தப் பாட்டு வரும்போது மட்டும் அடங்குவாராம். அக்கா பாயின் ஓரத்தில் மண்டியிட்டு அந்தத் தாலாட்டை முழுசாகப் பாடினார். முடித்த கையோடு எழுந்து வெளியே வந்து, எதிரே கோழி ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரரிடம், "தம்பி, கோழியை இறக்கு. ஒரு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றார். இறக்கினார்கள். அந்த அம்மாவின் கால் போனது, உயிர் தங்கியது.

வீட்டில் அவரை யாரும் அவ்வளவாகப் பார்த்ததில்லை. தின்கன்ஜூனில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு. கணவர் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். வாத்தியாரை இங்கே சயா என்போம். நானும் சயா என்றே கூப்பிடுவேன். மனைவி எவ்வளவு ஓட்டமோ அவர் அவ்வளவு நிதானம். சோறு வடித்து, குழம்பு வைத்து, வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரே மகள் மலேசியாவில். ஒருமுறை அவள் போனில் என்னிடம் சொன்னாள்: "சின்ன வயசுல ரேடியோவைப் போட்டாத்தான் எங்களுக்கு அம்மா. அணைச்சா போயிடுவாங்க." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனைப் பிடுங்கிய அக்கா அவளிடமும், "உங்க கம்பெனியில பழைய சக்கர நாற்காலி ஏதாச்சும் கிடக்குமா?" என்று கேட்டார்.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; நாட்டில் நிலைமை மாறியது. வானொலியில் எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்க வேண்டும், யாருக்காகவும் எதையும் கேட்கக் கூடாது என்றார்கள். சில நாட்கள் படித்தார். ஒருநாள் இரண்டு பாட்டுக்கு நடுவே, "ரத்தம் தேவைப்படுது, ஓ பாசிட்டிவ் இருக்கிறவங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். அதோடு நிகழ்ச்சி போயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது கேட்டார்: "ஞீமா, அந்த ஓரமாக் கிடக்கிற ஒலிபெருக்கியை யாரும் பாவிக்கிறதில்லையே?"

அந்த வருஷ மழைக்காலத்தில் கொரோனா நோய் வந்தது. யாங்கோன்காரர்களுக்கு அந்த மழைக்காலத்தை விளக்க வேண்டியதில்லை. மருந்து வேண்டுமென்றால் வாசலில் மஞ்சள் துணி, சாப்பாடு வேண்டுமென்றால் வெள்ளைத் துணி. சில தெருக்களில் துணி கட்டாத வாசலே இல்லை. ஆக்ஸிஜன் சிலிண்டரை நிரப்ப ஜனங்கள் அதைக் கட்டிப்பிடித்தபடி வரிசையில் தூங்கினார்கள். அக்கா கேட்கக்கூடியவர்களிடமெல்லாம் கேட்டுச் சில சிலிண்டர்களைச் சேர்த்தார். வெல்டிங் பட்டறைகளிலிருந்து, மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலிலிருந்து. ஒரு சின்ன லாரியும் கிடைத்தது. ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் நிரப்பி அடுத்த வீட்டுக்கு. போன்களை நான் பார்த்துக்கொண்டேன். யாருக்கு அடுத்தது என்பதை அவர்தான் சொல்வார்.

எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் ஒரு தையற்காரர் இருந்தார். எங்களைப் போலவே தமிழ் முஸ்லிம் குடும்பம். என் சட்டைகளெல்லாம் அவர் தைத்தவைதான். அவருக்கு மூச்சுத் திணறுகிறது என்று அவர் மனைவி போன் செய்தார். அக்காவே வாங்கிப் பேசினார். "கவலைப்படாதே தங்கச்சி. ஒண்ணு நிரப்பப் போயிருக்கு. காலைல உன் வீட்டுக்குத்தான் முதல்ல."

காலையில் லாரி வந்தது. தின்கன்ஜூனில் அவர் வீட்டு வாசலில் நின்றது. நான் ஏறிக்கொள்ளக் கீழே காத்திருந்தேன். மாடியிலிருந்து அவர் இறங்கி வந்தார். முடி அவிழ்ந்து கிடந்தது. நேற்றுவரை லேசான காய்ச்சல் என்றிருந்த சயாவுக்கு விடியும்போது உதடு நீலமாகிவிட்டது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் எண் இறங்கிக்கொண்டே போகிறது.

அக்கா லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மேல கொண்டா" என்றார் டிரைவரிடம்.

சிலிண்டர் படியேறியது. குழாயை மாட்டினார். சயா கண்ணை மூடியிருந்தார். அதன் பிறகு அக்கா போனை எடுத்தவர் வைக்கவேயில்லை. யார் யாரையோ அழைத்தார். பேசிப் பழகாதவர்களை, பகைத்துக்கொண்டவர்களை, அந்த அரிசி வியாபாரியைக்கூட. எங்காவது ஒன்று, பாதி நிரம்பியதாவது. மதியம் தாண்டி இன்சேன் பக்கம் ஒன்று கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு மிங்கலா தாங்ஞுன்ட் சந்துக்குள் லாரி நுழைந்தபோதே அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். அக்கா இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்துத் தெருவுல ஒரு வீடு சொன்னாங்களே, அங்க போ" என்றார்.

சயா பிழைத்துக்கொண்டார்.

தையற்காரரின் மனைவி இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பது எங்கள் வழக்கம். ஒரு மாதம் போல ஆனதும், என்னைக் கூட்டிக்கொண்டு அக்கா அவரைப் பார்க்கப் போனார். நான் தடுத்துப் பார்த்தேன். "எதுக்கு அக்கா? அவங்களுக்குத் தெரியவே தெரியாது. சிலிண்டர் வர லேட்டாயிருச்சுன்னுதான் நினைச்சுட்டு இருக்காங்க."

"அதான்" என்றார்.

தையல் மெஷினைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்குன்னு சொன்ன சிலிண்டர் காலைலயே வந்துருச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் முடியாமப் போச்சு. நான் அதை அவருக்கு வச்சுக்கிட்டேன்."

வெளியே ஊரைச் சுற்றும் வட்ட ரயில் ஒன்று கடகடவென்று போய் முடிந்தது. "இப்ப எப்படி இருக்காரு?" என்று அந்தம்மா கேட்டார்.

"நடக்கிறாரு."

"இதை ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? உங்க மனசுல இருக்கிறதை இங்க இறக்கி வச்சிட்டுப் போகவா? நான் எங்க இறக்கி வைப்பேன்?"

எந்த மேடையிலும் எந்த வாசலிலும் வார்த்தைக்குத் திணறாதவர், வாயைத் திறந்து மூடினார். அந்தம்மா எழுந்து உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இத்தா முடிந்த மறுநாளே அந்தம்மா தின்கன்ஜூன் வீட்டு வாசலில் வந்து நின்றார். நோய் அடங்கியிருந்தாலும் சிலிண்டர்கள் சும்மா கிடக்கவில்லை. ஆஸ்துமாக்காரர்கள், ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பிய முதியவர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். உள்ளே சயா இருந்ததால் அந்தம்மா படியிலேயே நின்று தணிந்த குரலில் பேசினார்.

"நான் உங்களை மன்னிக்கல. அதுக்கு வரல. இனிமே யாருக்கு முதல்ல போகுதுன்னு நான் சொல்றேன். நீங்க சொல்லக் கூடாது."

அக்கா உள்ளே போய், சிலிண்டர் திறக்கிற ஸ்பேனரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

அப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. கேட்டு வாங்குவது அக்கா, யாருக்கு என்பது அந்தம்மா. தேவையைத் தாண்டி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். குண்டும் குழியுமான தெருக்களில் லாரியின் பின்னால் சிலிண்டர் உருளாமலிருக்க ஆளுக்கொரு பக்கம் காலால் முட்டுக் கொடுத்து உட்கார்ந்து வருவார்கள். அக்காவுக்கு ஓட்டம் முன்னைவிடக் கூடிவிட்டது. கல்யாணத்தில் பாடினால் பல்லவியோடு நிறுத்துவதில்லை; இடைவெளி விடாமல் பாடி முடித்துவிட்டு இறங்கி விறுவிறுவென்று போய்க் கேட்பார். பாட்டில் ஒரு அவசரம் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பாட்டைக் கேட்பது கஷ்டமாக இருந்தது.

அவர் இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. சிலிண்டர் கொண்டுபோகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவரை ஆஸ்பத்திரி போய்ச் சேர்க்க முடியவில்லை. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர், இந்த அம்மா என்னிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டு போனார் தெரியுமா என்று சொல்லிச் சொல்லி, அழுகைக்கு நடுவில் சிரித்தார்கள். மாவ்பி முதியவர் வந்திருந்தார். அரிசி வியாபாரியும் வந்திருந்தார்.

எனக்கு அவரை நினைத்தால் முதலில் வருவது அந்தக் கூட்டமல்ல, அதற்கு முந்தைய கோடையில் ஒரு மதியம். மின்சாரம் இல்லை. தின்கன்ஜூன் வீட்டில், யாருக்கோ சிலிண்டர் கொண்டுபோக லாரிக்குக் காத்திருந்தோம். அக்கா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்தம்மா கூடத்தின் மூலையில் ஸ்பேனரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சயா விசிறிக்கொண்டே, பேச்சு வளர்க்கிற அன்பில், அவரிடம் கேட்டார்:

"உங்க வீட்டுக்காரர் அந்த நோய்லதான் தவறிட்டாருன்னு சொன்னாங்க. ஆக்ஸிஜன் கிடைக்கலையாம்மா?"

அந்தம்மா அக்காவைப் பார்க்காமல் ஸ்பேனரை மடியில் திருப்பினார். இத்தனை நாளும் அந்தம்மா சயாவிடம் எதையும் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா நடப்பதை நிறுத்தினார்.

"கிடைச்சுது. அதைத்தான் உங்களுக்கு மாட்டுனேன்."

சயாவின் விசிறி நின்றது. கீழே தெருவில் யாரோ ஜெனரேட்டரைக் கயிறு இழுத்து இழுத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"எனக்கு அன்னைக்கு நினைவு இருந்துச்சே" என்றார் சயா, மெல்ல. "நீ படியேறி வந்தது தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"அவங்களுக்குக் குடுத்துருன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றார் அக்கா. "அதனாலதான் கேக்கல."

சயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கீழே லாரியின் ஹாரன் ஒலித்தது. அந்தம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கதவோரம் நின்ற சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்தார். அக்கா நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்க மூச்சு முட்டிக் கிடக்கிறாங்க. வாங்க. அடிப்பக்கம் பிடிங்க."

அக்கா குனிந்து பிடித்தார். இருவருமாக அதை ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டு போனார்கள்.